கூட்டிப் பேசுவது வீண் என்பவர்களுக்கு

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் போலீஸ்காரர் ஒருவர் கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொல்கிறார். ஊர் கொந்தளிக்கிறது. சில நாட்களில் மேயர், பள்ளிக்கூட அரங்கில் பொதுக் கலந்துரையாடல் என்று அறிவிக்கிறார். அறிவிப்பு வந்த மறுகணமே, வேறு எதிலும் ஒத்துப்போகாத வலதுசாரிகளும் இடதுசாரிகளும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: பேசிப் பேசி என்ன கண்டோம்? ஒரு தரப்புக்கு அது வெள்ளையரைக் கூண்டில் ஏற்றும் வேலை. மறுதரப்புக்கு அது கறுப்பினத்தவரின் கோபத்தைத் தணித்து வீட்டுக்கு அனுப்பும் தந்திரம். இனப்பகை பேச்சில் தீராது என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை.

இந்த அலுப்பு காரணமில்லாமல் வந்ததல்ல. 2015 மார்ச்சில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம், இனம் பற்றி வாடிக்கையாளர்களோடு பேச்சுத் தொடங்கும்படி தன் கடை ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது; காபிக் கோப்பைகளில் அதற்கென ஒரு வாசகத்தையும் எழுதச் சொன்னது. வேலைக்கு ஓடுகிறவனை வரிசையில் நிறுத்தி, நானூறு ஆண்டு இனப்பகைக் கணக்கை ஒரு கோப்பை காபியோடு தீர்க்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ. எழுதும் வேலை சில நாட்களிலேயே நின்றது. இப்படிப்பட்ட கூத்துகளைப் பார்த்தவர்கள் சலித்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் கூத்தைக் காட்டி எல்லாக் கலந்துரையாடலையும் ஒதுக்குவது வேறு. அப்படி ஒதுக்குபவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

நாட்டளவிலேயே செய்து பார்த்தாயிற்று, பலிக்கவில்லை என்பது முதல் வாதம். அவர்கள் காட்டுவது அன்றைய குடியரசுத் தலைவர் கிளின்டனின் முயற்சியை. 1997 ஜூனில் அவர் இன உறவுகள் பற்றி நாடு தழுவிய உரையாடல் ஒன்றை அறிவித்தார். ஏழு பேர் கொண்ட ஆலோசனைக் குழு. தலைவர் வரலாற்றறிஞர் ஜான் ஹோப் பிராங்க்ளின். ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. டென்வர் கூட்டத்தில், குழுவில் அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை என்று பழங்குடியினரே எழுந்து முழங்கிக் கூட்டத்தை நிலைகுலைய வைத்தார்கள். 1998 செப்டம்பரில் அறிக்கை வந்தபோது நாடு கிளின்டனின் மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்தில் மூழ்கிக் கிடந்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

தோல்விதான், மறுக்கவில்லை. ஆனால் தோற்றது எது? அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் எதையும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன்னால் சில நூறு பேர் முறைவைத்துப் பேசினார்கள். குடியரசுத் தலைவர் அக்கறையோடு தலையசைத்தார். எந்தப் பள்ளி, எந்த வீட்டு வாடகை, எந்தக் காவல் நிலையம் என்று கைவைக்க ஓர் இடம் இருக்கவில்லை. பேச்சு அங்கே காட்சிப்பொருள் ஆகிவிட்டது. பிராங்க்ளின் குடியிருந்த ஊர் வட கரோலினாவின் டர்ஹம். அதே ஊரில் இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே இதை வேறு விதமாகச் செய்துகாட்டியிருந்தார்கள்.

அந்தக் கதை இரண்டாவது வாதத்துக்குப் பதிலாகவும் அமைகிறது. இந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே நல்லவர்கள். வெறி பிடித்தவன் வரவே மாட்டான் என்பார்கள். 1971 ஜூலையில் டர்ஹம் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் அந்த ஊர்ப் பிரிவுத் தலைவர்.

அவர் பெயர் சி.பி. எல்லிஸ். ஆலைத் தொழிலாளியின் மகன். பெட்ரோல் பங்க் நடத்திக் கடனோடு மல்லுக்கட்டிய ஏழை வெள்ளையர். எதிர்த் தரப்பில் ஆன் அட்வாட்டர்: குத்தகை விவசாயியின் மகள், தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தவர், வாடகைக்குக் குடியிருப்பவர்களைத் திரட்டி வீட்டு உரிமையாளர்களையும் நகர அதிகாரிகளையும் உலுக்கிய கறுப்பினப் பெண்மணி. ஒருமுறை கூட்டத்தில் எல்லிஸின் இழிசொல்லைக் கேட்டுக் கைப்பையிலிருந்து கத்தியை உருவப் போனதையும், பக்கத்திலிருந்தவர்கள் தடுத்ததையும் அட்வாட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. உத்தரவு வந்த பிறகு வகுப்பறைகளில் அடிதடி. மாநிலத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வழியாக வந்த கூட்டாட்சி அரசின் நிதியில் பத்து நாள் தொடர் கூட்டம் ஒன்று ஏற்பாடானது. நடத்த வந்தவர் பில் ரிடிக் என்ற கறுப்பின நெறியாளர். அவர் செய்த முதல் காரியமே துணிச்சலானது: எல்லிஸையும் அட்வாட்டரையும் இணைத் தலைவர்களாக உட்கார வைத்தார். இருவருக்கும் அதில் விருப்பமில்லை. இருவர் பக்கத்து ஆட்களுக்கும் இல்லை.

எல்லிஸ் ஏன் வந்தார்? அன்பைத் தேடி வரவில்லை. தாங்கள் வராவிட்டால் தங்களை விட்டுவிட்டுத் தீர்மானம் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வந்தார். முதல் கூட்டத்தில் எழுந்து, கறுப்பினத்தவர் இல்லாவிட்டால் பள்ளிகளில் பிரச்சினையே இருக்காது என்று அவருக்குப் பழக்கமான இழிசொற்களோடு பேசினார். கேட்டுக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவர் எழுந்து, இன்று இங்கே வந்தவர்களில் நேர்மையாகப் பேசியவர் இவர்தான் என்றாராம். வெறியன் வரமாட்டான் என்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: ஒரு முடிவு கைநழுவிப் போய்விடும் என்றால் அவனும் வருவான். வெறும் நல்லிணக்கத்துக்கு வாருங்கள் என்று அழைத்தால் நல்லவர்கள்தான் வருவார்கள்.

பிறகு நடந்ததை எல்லிஸ், வாய்மொழி வரலாற்றாளர் ஸ்டட்ஸ் டெர்க்கலிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறார். 1980-இல் அது புத்தகத்தில் வந்தது. அவரையும் அட்வாட்டரையும் நெருக்கியது பெரிய தத்துவம் எதுவுமில்லை. சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதற்காக இரு வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் கேலிக்கு ஆளாகி அழுதுகொண்டு வந்தார்கள். தங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வலி என்பது அங்கே தெரிந்தது. இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. கறுப்பினத்தவர் கூட்டத்தை முறியடிக்க ஆள் வேண்டும் என்றால் இரவில் ரகசியமாகத் தொலைபேசியில் கூப்பிடும் நகரப் பெரிய மனிதர், பகலில் தெருவில் எல்லிஸைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்துபோய்விடுவார். தன்னை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது அவருக்குப் புரியத் தொடங்கியது. கடைசி நாளில் கூட்டத்தினர் முன்னிலையில் கிளான் உறுப்பினர் அட்டையைக் கிழித்தார். பழைய தோழர்கள் துரோகி என்று ஒதுக்கினார்கள். நெடுநாள் தனிமையில் வாடினார்.

மூன்றாவது வாதம் சற்றுக் கனமானது: எதிரிகளை நேருக்கு நேர் உட்கார வைத்தால் பகை கூடுகிறது, இதற்கு ஆய்வே இருக்கிறது. ஆமாம், இருக்கிறது. 2018-இல் வெளிவந்த, சமூகவியலாளர் கிறிஸ் பெய்ல் குழுவின் ஆய்வில், எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பரப்பும் ட்விட்டர் கணக்கு ஒன்றை ஒரு மாதம் பின்தொடரும்படி ஆட்களுக்குப் பணம் கொடுத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்னைவிடப் பழமைவாதிகளாக மாறினார்கள். 2005-இல் கொலராடோவில் வேறொரு சோதனை: போல்டர் நகரத்து முற்போக்காளர்களைத் தங்களுக்குள்ளும், கொலராடோ ஸ்பிரிங்ஸ் பழமைவாதிகளைத் தங்களுக்குள்ளும் பேசவிட்டார்கள். பேச்சு முடிந்தபோது இரு குழுக்களும் தத்தம் எல்லைக்கு இன்னும் நகர்ந்திருந்தன.

இந்த இரண்டையும் கூட்டுப் பேச்சுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவதுதான் வேடிக்கை. ஒன்றில் பேச்சே இல்லை. முகம் தெரியாத கணக்கு எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பொழிந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் எதிராளியே அறையில் இல்லை. இரண்டிலும் நெறியாளர் கிடையாது. கண்ணாடியைப் பார்த்துப் பேசியவன் கர்வப்பட்டான் என்பதற்காக எதிரில் ஆள் இருந்தாலும் அதுதான் நடக்கும் என்று சொல்ல முடியாது.

ரிடிக் என்ன செய்தார் என்று பார்த்தால் நெறியாளரின் வேலை புரியும். ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பள்ளிப் பிரச்சினைகளைத் துண்டு துண்டாகக் கையில் கொடுத்தார். கறுப்பினத் தேவாலயப் பாடல்களைப் பாடவைத்தார். பாட்டுக்குத் தாளம் தப்பிக் கைதட்டிக்கொண்டிருந்த எல்லிஸின் கையைப் பிடித்து அட்வாட்டர் தாளம் சொல்லிக்கொடுத்தார். கிளான் முகமூடி, துண்டுப் பிரசுரங்களோடு எல்லிஸ் கூட்டம் நடந்த பள்ளிக்குள் ஒரு கண்காட்சி வைத்தார். அதை உடைக்க வந்த கறுப்பின இளைஞர்களை வழிமறித்து, இவன் ஏன் இப்படி நினைக்கிறான் என்று படித்துப் பாருங்கள் என்று சொன்னதும் அட்வாட்டர்தான். பத்து நாளும் இப்படி நகர்ந்தது. ஒரு மாலைப் பொழுதில் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்பதற்கும் இதற்கும் பெயர் மட்டும் ஒன்று.

நான்காவது வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடிபட்டவர்கள். பேச்சு நீதியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மிதித்தவனையும் மிதிபட்டவனையும் சமமாக்குகிறது என்கிறார்கள். இதிலும் ஓர் ஆய்வு அவர்கள் பக்கம் இருக்கிறது. 2009-இல் உளவியலாளர்கள் தமார் சாகுய், ஜான் டோவிடியோ முதலியோர், மாணவர்களை அதிகாரம் உள்ள குழு, இல்லாத குழு என்று பிரித்து, சிலரைப் பொதுவான விஷயங்களைப் பற்றி மட்டும் இனிமையாகப் பேசச் செய்தார்கள். அதிகாரம் இல்லாதவர்கள் அதற்குப் பிறகு நியாயம் கிடைக்கும் என்று நம்பினார்கள். மதிப்பெண் சலுகையைப் பங்கிடும் நேரம் வந்தபோது அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்களுக்கே அதிகம் எடுத்துக்கொண்டார்கள். இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றுவது என்பது இதுதான். கலந்துரையாடலை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வைப் பார்க்காததுபோல் கடந்துபோவது சரியில்லை.

ஆனால் டர்ஹமிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிரீன்ஸ்பரோவைப் பாருங்கள். 1979 நவம்பர் 3-ஆம் தேதி, கிளான் எதிர்ப்பு ஊர்வலத்துக்குத் திரண்டவர்கள் மீது கிளான்காரர்களும் நாஜிகளும் துப்பாக்கிச் சூடு நடத்தி ஐந்து பேரைக் கொன்றார்கள். கொலை தொலைக்காட்சிக் கேமராவிலேயே பதிவானது. மாநில வழக்கில் முழுக்க வெள்ளையர்களான ஜூரி எல்லோரையும் விடுவித்தது. கூட்டாட்சி வழக்கிலும் அப்படியே. நீதியின் இடத்தைப் பேச்சு பிடித்துக்கொள்ளவில்லை அங்கே. நீதி முதலிலேயே காலி செய்துவிட்டுப் போயிருந்தது. பாதிக்கப்பட்டவர்களும் ஊர் மக்களும் 2004-இல் தாங்களாகவே உண்மை, நல்லிணக்க ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். நகரசபை அதை ஆதரிக்க மறுத்தது. வாக்குகள் இனவாரியாகப் பிரிந்தன. ஆணையம் பொது விசாரணை நடத்தியது. அன்று அங்கிருந்த கிளான் தலைவர் ஒருவரும் வந்து பேசினார், வருத்தம் எதுவும் காட்டாமல். கிளான் வரப்போகும் தகவல் முன்கூட்டியே கையில் இருந்தும் போலீஸ் விலகி நின்றது என்பதை 2006 அறிக்கை ஆதாரத்தோடு எழுதிவைத்தது. அதே நகரசபை 2020-இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. பதினான்கு வருடம் தாமதம், சிறைக்கு யாரும் போகவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் மன்னிப்புத் தீர்மானத்துக்கு அடித்தளம் அந்த விடுதலைத் தீர்ப்புகளில் இல்லை.

மிதிபட்டவர்மீது இதில் கூடுதல் பாரம் விழுகிறது என்பதை மறுக்க முடியாது. கண்காட்சியைக் காக்க அட்வாட்டர்தான் நிற்க வேண்டியிருந்தது. எந்த வெள்ளையரும் அப்படி நின்றதாகத் தெரியவில்லை. அதனால் அழைப்பை ஏற்பதா மறுப்பதா என்ற உரிமை அவர்களுடையது. பேச வரவில்லை என்று அவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

கடைசியாக, நாலு பேர் மனம் மாறினால் அமைப்பு மாறிவிடுமா என்கிறார்கள். டர்ஹம் கூட்டத்தின் பரிந்துரைகள் பள்ளி வாரியத்துக்கு ஆலோசனை மட்டுமே, கட்டாயம் இல்லை. எல்லிஸ் வாரியத் தேர்தலில் நின்று தோற்றார். வெள்ளைக் குடும்பங்கள் நகரப் பள்ளிகளை விட்டு வெளியேறுவது நிற்கவில்லை; நகர, கவுன்ட்டி பள்ளி நிர்வாகங்கள் 1992-இல்தான் ஒன்றாயின. சந்தேகப்படுகிறவர்களுக்கு இன்னொரு ஆயுதமும் தருகிறேன்: உளவியலாளர் எலிசபெத் பலக் குழு 2019-இல், வெவ்வேறு குழுவினரை நேரில் பழகவைத்துத் தப்பெண்ணத்தைக் குறைக்கும் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வயதுவந்தோரின் இனவெறுப்பைச் சோதித்த ஆய்வுகள் இல்லாத பெரிய இடைவெளியைக் கண்டது. 1971 கூட்டத்தின்போது எல்லிஸுக்கு வயது 44, அட்வாட்டருக்கு 36. ஒரு ஜோடியை வைத்துப் பொதுவிதி எழுத நானும் தயாரில்லை.

ஆனால் அமைப்பு என்று எதைச் சொல்கிறோம்? எல்லிஸ் பிறகு டியூக் பல்கலைக்கழகத்தின் பராமரிப்புப் பணியாளர் சங்கத்துக்கு முழுநேரப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுப்பினர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக ஒப்பந்தத்தில் எழுதிவாங்கியதைத் தன் பெருமைகளில் ஒன்றாக அவர் சொல்லிக்கொண்டார். அந்த விடுமுறையை அனுபவித்த துப்புரவுப் பணிப்பெண்களுக்கு அவர் மனதுக்குள் என்ன மாறியது என்ற கேள்வி அவசியப்பட்டிருக்காது.

அடுத்த முறை மேயர் கலந்துரையாடல் என்று அறிவிக்கும்போது அவரிடம் கேட்க வேண்டியவை வேறு. எந்தக் கேள்விக்கு முடிவு காணப்போகிறோம்? முடிவு எந்தத் தேதிக்குள் எந்த வாரியத்தின் மேசைக்குப் போகும்? நடத்துகிறவர் யார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், வீடு திரும்ப பஸ் உண்டா? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் கூட்டத்தைப் புறக்கணிக்கலாம், நானும் வரமாட்டேன்.