உடம்பு மெலியும் ஊசி: பயணப் பெட்டியில் வரும் மருந்தை நம்பலாமா?

அண்மையில் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போன இடத்தில் பழக்கமான சகோதரர் ஒருவரைச் சந்தித்தேன். சீனி வருத்தக்காரர், உடம்பும் பருமன். "நானா, மகன் கட்டாரிலிருந்து மெலியிற ஊசி கொண்டு வாறானாம். போடலாமா?" என்று கேட்டார். நான் வைத்தியரல்ல. ஆனால் இன்று நம்மவர் பலரது வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது.

சாப்பிட்டதும் நமது குடல் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. அது மூளையிலும் சதையியிலும் உள்ள ஏற்பிகளில் பொருந்தி, பசியை அடக்கி, இன்சுலினைத் தூண்டுகிறது. இயற்கை ஹோர்மோன் சில நிமிடங்களில் அழிந்துவிடும். அதே ஏற்பியில் பொருந்தும் செமாகுளுடைட் ஒரு வாரம் வேலை செய்யும். 'ஒசெம்பிக்' என்ற பெயரில் 2017இல் நீரிழிவுக்கும், 'வெகோவி' என்ற பெயரில் 2021இல் உடற்பருமனுக்கும் அமெரிக்கா இதனை அனுமதித்தது. 68 வார ஆய்வில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது.

ஆகவே இது ஏமாற்று மருந்தல்ல. ஹலாலா என்ற கேள்விக்கும் பதில் உண்டு: இவ்விரு ஊசிகளிலும் உள்ள செமாகுளுடைட் ஈஸ்ட் மூலம் தயாரிக்கப்படுகிறது, பன்றியிலிருந்து எடுக்கப்படுவதல்ல.

எனது அச்சம் வேறு. முதல் பாவனை வரை இந்த ஊசி 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். பயணப் பெட்டியில் அது நடக்குமா? போலி ஒசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. இந்தியாவில் இதன் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். விலை குறைந்தால் இங்கும் தாராளமாக வந்து சேரும்.

கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் குறிப்பிட்ட வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் வைத்தியரிடம் அதனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில சீனி மாத்திரைகளுடன் சேர்ந்தால் சீனி அபாயகரமாக இறங்கலாம். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் நோன்பு காலத்தில் உடம்பு வற்றிவிடும். றமழானுக்கு முதல் வாரம் ஊசியை ஆரம்பிப்பது புத்தியல்ல.

இன்னொன்று: ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வு காட்டியது. வலீமா சஹனிலும் வட்டிலப்பத்திலும் நாம் கைவைக்கும் அளவு மாறாவிட்டால், ஊசி மட்டும் என்ன செய்யும்?

அந்தச் சகோதரரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பருமன் ஒரு நோய். அதற்கு மருந்தெடுப்பதில் வெட்கமில்லை. ஆனால் ஊசிக்கு முன்னர் வைத்தியரிடம் போங்கள். மகனின் அன்பு பெரிதுதான். அது மருந்துச்சீட்டு ஆகாது.