முகவரி தயாராக இருக்கட்டும்



சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் வீட்டில் குடிக்கிறவர் ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய வாரத்திலேயே டாஸ்மாக் வாசலில் நிற்கிறார். "முடியும்னு அவருக்கே தெரியுதே, அப்புறம் ஏன் இப்படி?" என்று மனைவிகளும் அம்மாக்களும் நமக்கு எழுதுகிறார்கள்.

விரத நாட்களில் அவர் தனியாகவா இருந்தார்? குருசாமி இருந்தார். கூடவே விரதமிருந்த சாமிகள் இருந்தார்கள். சாயங்காலமானால் பஜனை இருந்தது. மலைக்குப் போய்த் திரும்பியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. சம்பள நாளும் பழைய சிநேகிதர்களும் மட்டும் மிச்சம்.

வருஷம் முழுக்கக் கலையாத கூட்டம் ஒன்று இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குத் தொழில் விஷயமாகப் போனார் பில் வில்சன் என்பவர். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் நடக்கவில்லை. தங்கியிருந்த ஹோட்டலில் கால்கள் பாரை நோக்கி இழுத்தன. அவர் போனை எடுத்தார். அந்த ஊர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று உதவி கேட்டார். அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏ.ஏ. இன்று நம் ஊர்களிலும் கூட்டங்கள் நடக்கின்றன.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயம்தான் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது. பெரும்பாலும் அது ஒரு பள்ளி வகுப்பறை அல்லது சர்ச் வளாகத்து அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒருவர் எழுந்து தன் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். மகளின் ஸ்கூல் ஃபீஸைக் குடித்துத் தீர்த்ததைச் சொல்கிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை, குறுக்கே புத்தி சொல்வதில்லை. ஆட்டோ ஓட்டுபவரும் பேங்க் மேனேஜரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

கட்டணம் கிடையாது. உறுப்பினர்கள் இஷ்டப்பட்டுப் போடும் பணத்தில்தான் செலவு நடக்கிறது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. சர்ச்சில் நடந்தாலும் எந்த மதத்துக்காரரும் போகலாம். குடிப்பழக்கத்தோடு போராடும் பெண்களுக்கும் அங்கே இடம் உண்டு.

சரி, நம் ஊரில் எங்கே நடக்கிறது?

ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் பாருங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். இடமும் நேரமும் மாறக்கூடும், அதனால் கிளம்பும் முன் ஒரு போன் செய்துவிடுங்கள். தமிழில் நடக்கிறதா, குடும்பத்தாரும் வரலாமா என்று கேளுங்கள். 'ஓபன் மீட்டிங்' என்றால் யாரும் போய் உட்காரலாம். பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் ஆன்லைன் கூட்டம் இருக்கிறது. சொந்த ஊர்க் கூட்டத்துக்குப் போகக் கூச்சமா? பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கேகூட ஆபத்து. முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். சிகிச்சையும் கூட்டமும் சேர்ந்தே போகட்டும். இன்னொன்று, 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் மருந்துகள். அவற்றை நம்பாதீர்கள். அவற்றில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல், அவற்றின் மேல் அவர் குடித்துவிட்டால் என்ன ஆகும்?

"அவர் வரவே மாட்டேன்கிறார், நான் என்ன செய்ய?" என்று கேட்கும் சகோதரிகளே, நீங்கள் போங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கியது அது. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமல்ல என்பதை, அதே வேதனையைப் பட்டவர்கள் வாயால் அங்கே கேட்கலாம். வீட்டில் ஒருவர் குடிக்க, நான்கு பேர் தூக்கம் கெட்டுக் கிடக்கிறோமே, நமக்கும் ஒரு துணை வேண்டாமா?

கூட்டம் நடக்கும் விலாசத்தை இப்போதே தேடி வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ராத்திரி போதையில் இருப்பவரிடம் எதுவும் பேச முடியாது. ஆனால் சில காலைகளில், கை நடுங்க டம்ளரைப் பிடித்தபடி அவரே சொல்வார்: "இனிமே தொடமாட்டேன்." அந்த வார்த்தை பொய்யில்லை. சாயங்காலம் வரை தாங்குவதற்குத்தான் அதற்கு ஆள் பலம் இல்லை. அந்த நேரத்தில், "இன்னிக்கு ஆறரை மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கு. நானும் கூட வர்றேன், வாங்க" என்று சொல்ல நம் கையில் முகவரி இருக்க வேண்டும். அன்றைக்கு உட்கார்ந்து தேடத் தொடங்கினால், சாயங்காலம் வந்துவிடும்.

உங்கள் வீட்டில் தேவை இல்லையா? நல்லது. 14446 என்ற அந்த எண்ணைத் தெருவில் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்