நுழைந்தால் நுழையட்டும்

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே இடம் விட்டு ஓட்டு என்று சொன்னால், டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “கேப் விட்டா ஆட்டோக்காரன் உள்ள நுழைஞ்சிருவான் சார்.” நுழைவான்தான். சேலம் ஐந்து ரோட்டில் பூனை போகிற சந்து கிடைத்தால் போதும், அதில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். நுழைந்தால் நுழையட்டும் தம்பி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி கேப் உண்டாக்கிக்கொள் என்பேன். இன்னொருவன் நுழைந்தால்? மறுபடியும் அதேதான். தருமபுரி போய்ச் சேர்வதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும் நமக்கு நஷ்டம் அரை நிமிடம்.

சேலம் – ஓசூர் தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் ஹெல்மெட், சீட் பெல்ட், குடித்துவிட்டு ஓட்டாதே என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு போகிற பழக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மத்திய அரசின் 2022-ம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தால், நாட்டில் நடந்த விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பின்னாலிருந்து மோதியது. அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான். 17,884 பேர் இறந்தார்கள்.

எவ்வளவு இடம் விடுவது? மீட்டர் கணக்கு சொன்னால் யாருக்கும் கண்ணில் நிற்காது. முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் ஒரு மைல்கல்லைத் தாண்டும்போது மனசுக்குள் நிதானமாக எண்ண ஆரம்பி: நூற்றியொன்று, நூற்றியிரண்டு, நூற்றிமூன்று. மூன்றாவது எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் நீ அந்தக் கல்லைத் தொட்டுவிட்டால் நெருங்கி ஓட்டுகிறாய். மழையிலும் இரவிலும் ஐந்து வரை எண்ணு. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். பேருந்து, லாரி என்றால் ஏர் பிரேக். காற்று குழாயில் ஓடி வீலைப் பிடிக்க இன்னும் கொஞ்சம். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கிற தூரமோ, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிறது. 40-ல் ஓட்டிப் பழகிய கணக்கை 80-க்கு வைத்துக்கொள்கிறவர்கள்தான் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறார்கள். பிரேக் பிடித்திருக்கும். நிற்க இடம்தான் இருந்திருக்காது.

இடம் இருந்தால்தான் சுற்றிலும் பார்க்கவும் முடியும். ஒட்டிக்கொண்டு போகிறவனுக்கு முன்வண்டியின் நம்பர் பிளேட்டைத் தவிர வேறு உலகம் கிடையாது. தள்ளி வருகிறவனுக்கு ரோட்டோர டீக்கடை தெரியும், அங்கே வண்டி மேல் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருக்கிறவர் தெரிவார். அவர் முகத்தைப் பார்க்காதே, முன்சக்கரத்தைப் பார். சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தால், அவர் நம்மைப் பார்க்காமலே கிளம்பிவிடுவார். இண்டிகேட்டரை நம்பவே நம்பாதே. போன வளைவில் போட்டதை இன்னும் அணைக்காமல் வருகிறவர்கள் பாதிப் பேர். நின்றிருக்கிற டவுன் பஸ்ஸைத் தாண்டும்போது, அதற்கு முன்னாலிருந்து யாரோ ஒருவர் குறுக்கே வருகிறார் என்றே வைத்துக்கொண்டு காலை பிரேக்குக்கு மேல் கொண்டுவந்துவிடு. பஸ்ஸுக்கோ லாரிக்கோ பக்கவாட்டில் போகிற பைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சைடு கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்களும் தெரியவில்லை. இடதுபக்கமாக நுழைந்து வந்து, ஸ்டாப்பிங்குக்காக ஒதுங்குகிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே சிக்கிக்கொள்வது இப்படித்தான். (முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழம், மிளகாய் தொங்கவிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சைடு கண்ணாடியையும் தினம் ஒரு தடவை துடைத்தால் நல்லது.)

எங்கள் பக்கத்துக் கிராமச் சாலைகளில் அறுவடை நேரத்தில் கொள்ளும் ராகியும் ரோட்டில் காயும். வண்டிச் சக்கரமே தாம்பு ஓட்டிவிடும். வளைவுக்கு அந்தப்பக்கம் அது இருக்கிறது என்று போர்டா வைப்பார்கள்? கரும்பு டிராக்டர் பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாமல் இருட்டில் போகும். யார் மேல் தப்பு என்று பிறகு பஞ்சாயத்து பேசலாம். டிம் லைட் எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம் எதுவோ, இரவில் அதுதான் நம் வேகம்.

தொப்பூர் கணவாயைச் சொல்லாமல் முடியாது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்குகிற இறக்கம் அது. 2020 டிசம்பரில் அங்கே நெரிசலில் நின்றிருந்த வண்டிகள் மேல் ஒரு சிமென்ட் லாரி வந்து விழுந்தது. பத்துக்கு மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின. நான்கு பேர் இறந்தார்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கிவிடுகிற பழக்கம் அந்த இறக்கத்தின் பழைய நோய். இஞ்சின் பிடிப்பு போய்விடும், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறும், லைனிங் கருகுகிற நாற்றம் வரும்போது மிதித்தாலும் வண்டி கேட்காது. எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்லிக் கொடுத்தது சும்மா இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: இப்போதைய எலெக்ட்ரானிக் இஞ்சின்களில், கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடிக்கும். ஆக, மிச்சம் என்பதே பொய்.

நெரிசலில் நிற்கிறவர் என்ன செய்வது? முன்வண்டியின் பின் டயர் தரையைத் தொடுவது கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே நின்றுவிட வேண்டும். நாலு விளக்கையும் மினுக்கவிட்டு, பின்னால் ஒருவர் வந்து நிற்கும்வரை உள்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பின்னால் வருகிறவன் நிற்கமாட்டான் என்று தெரிந்தால் ஒடித்துத் திரும்ப ஓர் இடமாவது இருக்கும். எல்லோரும் தப்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒட்டி நிற்கிறவருக்கு அந்த வழியும் இல்லை.

இவ்வளவையும் டிரைவர் தலையிலேயே கட்டிவிட எனக்கு மனமில்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே ஐந்து நிமிட டைமிங் வைத்தால், பின்னால் கிளம்புகிறவன் முன்னால் போகிறவனின் கலெக்‌ஷனைத் தின்னத்தான் பார்ப்பான். விடிவதற்குள் லோடு இறங்க வேண்டும் என்று போனில் விரட்டுகிற முதலாளி, டிரைவருக்கு நூற்றிமூன்று எண்ண எங்கே நேரம் தருகிறார்? சோறு இவ்வளவு நிமிடத்தில் வீட்டுக்கு வரவேண்டும் என்கிற நாமும்தான். முன்வண்டியோடு போதிய தூரம் விட வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் வாகனம் ஓட்டும் ஒழுங்குவிதிகளிலேயே இருக்கிறது. ஹெல்மெட்டுக்கு வருகிற சலான் மாதிரி இதற்கு வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் தொடங்கலாம். இரண்டு சக்கரத்துக்கு எட்டு போடச் சொல்கிறோம். காரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறோம். வண்டியை அடக்கத் தெரிகிறதா என்று பார்க்க அது சரி. ஆனால் காலி மைதானத்தில் எட்டு போடுகிறவனுக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லையே. எட்டு முடிந்ததும் மோட்டார் வாகன ஆய்வாளர் அவரைக் காலை ஒன்பது மணி ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லட்டும். குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ கட்டாயம் நுழையும். அப்போது அவர் கை ஹாரனுக்குப் போகிறதா, கால் ஆக்சிலேட்டரை விடுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடட்டும்.