பட்டத்தை எண்ணினால் மட்டும் போதுமா?

ஃபார்முலா 1 ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், சண்டை ஆரம்பமாகிவிடும். யார் பெரியவர்? ஷூமாக்கரா, ஹாமில்டனா, சென்னாவா? கடைசியில் ஒருவர் விரல் விட்டு எண்ணுவார். ஷூமாக்கருக்கு 7 பட்டம், ஹாமில்டனுக்கும் 7, ஃபாஞ்சியோவுக்கு 5, சென்னாவுக்கு 3. அவ்வளவுதான், தீர்ப்பு சொல்லியாயிற்று!

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1950-ல் உலக சாம்பியன் பட்டம் தொடங்கியதிலிருந்து விதிகள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. முதலில் ஒரு பந்தயத்தில் ஜெயித்தால் 8 புள்ளி. 1961-ல் அது 9 ஆனது, 1991-ல் 10, 2010-லிருந்து 25. அதைவிட முக்கியமான விஷயம், 1990 வரை எடுத்த புள்ளிகள் எல்லாம் கணக்கில் சேரும் என்று சொல்ல முடியாது. சிறப்பாக ஓட்டிய சில பந்தயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவார்கள். கார்கள் அடிக்கடி பழுதாகி நின்ற காலத்தில் அது நியாயமாகவும் இருந்தது.

1988-ஐப் பாருங்கள். அந்த சீசனில் மொத்தம் 16 பந்தயங்கள், அதில் சிறந்த 11 மட்டுமே கணக்கு. மெக்லாரன் அணியின் அலன் புரோஸ்ட் எடுத்தது 105 புள்ளி. அதே அணியின் அயர்டன் சென்னா எடுத்தது 94. தள்ள வேண்டியதைத் தள்ளிய பிறகு சென்னா 90, புரோஸ்ட் 87. பட்டம் சென்னாவுக்கு! 11 புள்ளி அதிகம் எடுத்தவர் இரண்டாம் இடம்.

அப்படியானால் சென்னா ஏமாற்றி ஜெயித்தாரா? இல்லவே இல்லை. விதி முன்கூட்டியே இருவருக்கும் தெரியும். அந்த விதிப்படி வெற்றிகள்தான் முக்கியம். சென்னா 8 பந்தயம் ஜெயித்தார், புரோஸ்ட் 7. வேறு விதி இருந்திருந்தால் இருவரும் வேறு மாதிரி ஓட்டியிருப்பார்கள். ஆக, பட்டம் என்பது அந்த ஆண்டின் தேர்வில் முதல் ரேங்க். அடுத்த சில ஆண்டுகளில் பாடத்திட்டமும் மதிப்பெண் முறையும் மாறிவிடும். வெவ்வேறு தேர்வுகளின் ரேங்கை எப்படி ஒன்றோடொன்று ஒப்பிடுவது?

1958-ல் நடந்தது இன்னும் விசித்திரம். ஸ்டிர்லிங் மாஸ் 4 பந்தயங்களை ஜெயித்தார். மைக் ஹாதார்ன் ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஆனால் ஹாதார்ன் 42 புள்ளி, மாஸ் 41. பட்டம் ஹாதார்னுக்கு. போர்ச்சுகல் பந்தயத்தில் ஹாதார்ன் எதிர்த் திசையில் காரை ஓட்டினார் என்று புகார் வந்தது. அவர் பந்தயப் பாதையில் இல்லை, நடைபாதையில்தான் இருந்தார் என்று அவருக்காகப் பரிந்து பேசியவர் யார் தெரியுமா? போட்டியாளரான மாஸேதான்! அங்கே ஹாதார்ன் எடுத்த 7 புள்ளி பறிபோயிருந்தால், தள்ளிவைத்த 4 புள்ளி உள்ளே வந்து அவர் கணக்கு 39-ல் நின்றிருக்கும். சாம்பியன் மாஸ்.

மாஸ் 16 பந்தயங்களை வென்றவர். 1955 முதல் 1958 வரை தொடர்ந்து நான்கு முறை இரண்டாம் இடம். கடைசி வரை பட்டம் இல்லை. பட்டத்தை மட்டும் எண்ணினால் இவருக்குப் பூஜ்ஜியம். இந்தப் பூஜ்ஜியத்தில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

அதிக வெற்றி பெற்றவருக்கே பட்டம் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2008-ல் ஃபெலிப்பே மாஸா 6 பந்தயம் ஜெயித்தும், 5 ஜெயித்த ஹாமில்டன் 98-க்கு 97 என்று பட்டத்தை எடுத்தார். 2009 மார்ச்சில் எஃப்ஐஏ அந்த விதியை அறிவிக்கவே செய்தது. அணிகள் எதிர்த்தன, சில நாட்களிலேயே அறிவிப்பு கைவிடப்பட்டது. அந்த விதி வந்திருந்தாலும் பிரச்சினை தீராது. எப்போதும் இரண்டாவதாக வருபவரின் நிதானமும் ஒரு திறமைதானே?

எந்த விதியும் முழு நியாயம் செய்யாது. ஃபாஞ்சியோ ஓட்டியது 51 பந்தயங்கள்தான், அதில் 24 வெற்றி. 2024-ல் ஒரே சீசனில் மட்டும் 24 பந்தயங்கள். அடுத்த முறை யாராவது 5-ஐவிட 7 பெரியது என்று சொன்னால், எத்தனை பந்தயத்தில், எந்த விதியில் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அப்புறம் வாதாடலாம்.