டேஷ்போர்டை மட்டும் வெட்டாதீங்க மக்களே!

முதல் வருஷ லீவுல நான் ஒரு தப்பு பண்ணேன். அதை ஒத்துக்கிட்டுத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கணும்.

எங்க தாத்தாகிட்ட 1969-ம் வருஷத்து ஃபியட் 1100 டிலைட் ஒண்ணு உண்டு. பின்னாடி பிரீமியர் பத்மினின்னு பேர் மாறுச்சே, அதே வண்டிதான். ஸ்டியரிங் பக்கத்துலயே கியர், தகரத்துல டேஷ்போர்டு, அதுக்கு நடுவுல ரெண்டு குமிழ் வெச்ச ரேடியோ. குமிழைத் திருப்பினா கரகரன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். "இதை வெச்சு என்ன பண்றது"ன்னு நானே முடிவு பண்ணி, வண்டியை ஒரு கடைக்கு ஓட்டிட்டுப் போனேன். இப்போ வர்ற கார் செட்டுக்கு 180-க்கு 50 மில்லிமீட்டர் இடம் வேணும். பழைய டயல் துளை அதுக்குப் பத்தல. கடைக்காரர் கிரைண்டரை எடுத்தார். அஞ்சே நிமிஷம். புளூடூத் வந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து பெருமையா பாட்டு போட்டுக் காட்டினேன். தாத்தா டேஷ்போர்டை ஒருதரம் தடவிப் பார்த்தார். "நல்லாத்தாம்ல கேக்கு"ன்னார். அதுக்கப்புறம் அவர் வண்டி ஓட்டும்போது ஒருநாள் கூட அந்த செட்டைப் போட்டு நான் பார்க்கல. ஏன்னும் நான் கேக்கல.

அவர் போன பிறகு, வண்டியோட கையுறைப் பெட்டியைச் சுத்தம் பண்ணும்போது ஒரு சின்னப் புத்தகம் கிடைச்சது. வானொலி உரிமம். 1980-கள் வரைக்கும் நம்ம நாட்டுல ரேடியோ வெச்சிருக்கவே தபால் நிலையத்துல காசு கட்டி உரிமம் வாங்கணும். வருஷா வருஷம் முத்திரை விழுந்திருக்கு. நான் ஒரு லீவு நாள்ல தூக்கிப் போட்ட பொருளுக்கு அவர் அத்தனை வருஷம் வரிசையில நின்னு பணம் கட்டியிருக்கார். அந்த ரேடியோவுலதான் திருநெல்வேலி நிலையமும், காத்து சரியா இருந்தா இலங்கை வானொலியும் கேட்டுக்கிட்டே ஊர் ஊரா போயிருக்கார்.

நல்லவேளை, பழைய ரேடியோவை அம்மா பரண்ல வெச்சிருந்தாங்க. மூணாம் வருஷத்துல அதை லேபுக்குத் தூக்கிட்டு வந்தேன். திறந்து பார்த்தா, உள்ள இருந்தது நம்ம சிலபஸ்!

நாம பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர் கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு. ஆர்எஃப், மிக்ஸர், ஐஎஃப், டிடெக்டர் எல்லாம் தனித்தனியா, விரல் வெச்சுத் தொடுற மாதிரி. வீட்டு ரேடியோவுல சுழல்ற கேங் கண்டென்சர் இருக்கும். கார் ரேடியோக்கள்ல பெரும்பாலும் காயிலுக்குள்ள ஃபெரைட் தண்டு உள்ளே வெளியே நகர்ந்து டியூன் பண்ணும். குண்டும் குழியுமான ரோட்டுல கேங் அதிர்ந்து நிலையம் நகர்ந்துடக் கூடாதே, அதுக்காகத்தான். இந்த ஒரு விஷயத்தை எந்த கிளாஸும் எனக்குச் சொல்லித் தரல.

பழுது என்னன்னு கேட்டா ரொம்பச் சின்னது. எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் காய்ஞ்சு போயிருந்துச்சு. அதே மைக்ரோஃபாரட், அதே அளவு அல்லது கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ்ல புதுசு போட்டாச்சு. அப்புறம் ஏஎஃப்117-ன்னு ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அதுக்கு நாலு கால். நாலாவது கால் வெளி உறையோட சேர்ந்த ஷீல்டு. வயசானா உறைக்குள்ள தலைமுடியை விட மெல்லிசா வெள்ளீய இழைகள் தானா வளர்ந்து கால்களை ஷார்ட் பண்ணிடும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி இது. பல நேரம் ஷீல்டு காலை வெட்டிவிட்டாலே ரேடியோ பேச ஆரம்பிச்சுடும். என்னோடதும் பேசுச்சு. மொத்தச் செலவு கேன்டீன்ல ரெண்டு பேர் சாப்பிடுற காசு.

லேபுக்குள்ள எல்இடி விளக்கு, சார்ஜர் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. ராத்திரி 12 வோல்ட் பேட்டரியோட கிரவுண்டுக்கு எடுத்துட்டுப் போனோம். சூரியன் மறைஞ்சா அயனமண்டலத்தோட டி அடுக்கு மங்கிடும், மீடியம் வேவ் தூரத்துல இருந்தெல்லாம் வரும்னு படிச்சிருப்போமே, அதை அன்னைக்குக் காதால கேட்டோம். யாரோ எங்கேயோ செய்தி வாசிச்சுட்டு இருந்தாங்க.

ஆனா அந்த ரேடியோவை மாட்ட வண்டியில இடம் இல்ல. டேஷ்போர்டை நான்தான் வெட்டிட்டேனே.

"இப்போ ஏஎம்ல கேக்க என்ன இருக்கு? எனக்கு என் பிளேலிஸ்ட் வேணும்"னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் பிளேலிஸ்ட் வேணும். பழசு எல்லாமே புனிதம், தொடவே கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஏஎம் தேய்ஞ்சுக்கிட்டு வர்றதும் உண்மை. மின்சாரக் கார்ல மோட்டார் இரைச்சல் இடைஞ்சல் பண்ணுதுன்னு சில கம்பெனிகள் ஏஎம்மையே எடுத்துட்டாங்க. ஃபோர்டு எடுக்கப் போய், 2023-ல எதிர்ப்பு வந்ததும் பின்வாங்குச்சு.

ஆனா எஃப்எம் மட்டும் நிரந்தரமா? நார்வே 2017-லயே தேசிய அளவுல எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்திடுச்சு. கேசட் போச்சு, சிடி போச்சு. நான் ஆசையா மாட்டின புளூடூத் செட்டோட டிஸ்ப்ளே மூணே வருஷத்துல மங்கிடுச்சு. உள்ளே ஒரே சிப், திறந்தும் பிரயோஜனம் இல்ல. 'அப்கிரேட்'னு நாம எதை மாட்டினாலும் அது வண்டியை விட வேகமா கிழடாகும். அப்போ அதுக்காக வண்டியோட உடம்பை வெட்டுறது என்ன கணக்கு?

என் கருத்து ஒரே வரிதான்: திரும்பச் சரிசெய்ய முடியாததைச் செய்யாதீங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.

வழி நிறைய இருக்கு. பழைய ரேடியோவை அப்படியே சரி பண்ணி, அதுல ஒரு ஆக்ஸ் இணைப்பு கொடுக்கலாம். டிடெக்டர்ல இருந்து வால்யூம் கன்ட்ரோலுக்கு வர்ற ஒயர்ல ஒரு ஸ்விட்ச் வெச்சு, போனோட இடது வலது ரெண்டையும் தனித்தனி ரெசிஸ்டர் வழியா சேர்த்து, ஒரு கண்டென்சர் மூலமா கொடுத்தா போதும். பழைய ஸ்பீக்கர்லயே உங்க பிளேலிஸ்ட் பாடும். இல்ல, நல்ல சத்தம் வேணும்னா சின்ன புளூடூத் ஆம்ப்ளிஃபயரை சீட்டுக்கு அடியில மறைச்சு வைங்க. உள்ளே இருக்கிற போர்டு மொத்தமா செத்துப்போச்சுன்னா, முகப்பையும் குமிழையும் வெச்சுக்கிட்டு உள்ளே புதுசு போடுங்க. ஆனா பழைய போர்டை ஒரு டப்பாவுல பத்திரமா வைங்க.

ரெண்டு எச்சரிக்கை. ரொம்ப நாள் தூங்கின ரேடியோவுக்கு நேரா கார் பேட்டரியைக் கொடுக்காதீங்க. லேப் பவர் சப்ளையில கரன்ட் லிமிட் வெச்சு மெதுவா ஏத்துங்க. அடுத்தது, பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலதுல பாசிட்டிவ்தான் எர்த். பாக்காம புது சாமானை இணைச்சா புகைதான் வரும்.

நாலு வருஷம் படிக்கிறோம். ஒரு பொருள் ஓடலன்னா கழட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல புதுசு தேடுற முதல் ஆள் நாமளா இருக்கோம். கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன்; வெட்டச் சொன்னது நான். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிஞ்ச நான், அன்னைக்கு அந்த ரேடியோவோட மூடியைக் கூட திறக்கல.

இப்போ ஒரு தகர வேலைக்காரரைப் பிடிச்சிருக்கேன். வெட்டின இடத்துல புதுத் தகடு வெச்சு ஒட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கார். பெயின்ட் அடிச்சாலும் கோடு தெரியும்னும் சொன்னார். தெரியட்டும். உங்க வீட்டு ஷெட்டுலயோ மாமா வீட்டுலயோ ஒரு பழைய வண்டி நின்னா, அதோட ரேடியோவை இந்த லீவுல லேபுக்குக் கொண்டு வாங்க. சால்டரிங் அயர்ன் நான் கொண்டு வர்றேன்.