வலிப்பை மறைப்பதால் யாருக்கு லாபம்?

சென்ற மாதம் ஒரு மாலை, தாதர் ஸ்டேஷனில் இருபது வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் திடீரென்று விழுந்தான். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன, வாயில் நுரை. அரை நிமிஷத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். ஒருவர் செருப்பைக் கழற்றி மூக்கருகே பிடித்தார். இன்னொருவர் பற்களுக்கிடையே வைக்கக் கரண்டி கேட்டு டீக்கடைக்கு ஓடினார்.

இவற்றில் எதையும் செய்யக்கூடாது என்பது அங்கே நின்ற எனக்குத் தெரியும். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் ஒரு பையை மடித்துக் கொடுத்து, காலரைத் தளர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. ஆபீஸ்காரர் ஒருவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். 'இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

எனக்கும் அதே நோய்தான். பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது.

ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்த மறு வருஷம் எனக்கு முதல் வலிப்பு வந்தது. அப்போது சயனில் ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர். மாத்திரையைச் சவரப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் சத்து மாத்திரை என்றேன். எல்லோரும் கூடியிருக்கிற இரவுகளில் பெட்டியைத் திறக்கக் கூச்சப்பட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அப்படி இரண்டு வேளை விட்ட பிறகுதான் மாடிப்படியில் விழுந்து முன்பல் இரண்டை இழந்தேன். நோய் எடுத்த பற்கள் என்று அன்று நினைத்தேன். யோசித்தால், மறைத்ததில் போன பற்கள் அவை.

டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஆளுக்கு மூன்று நிமிஷம் கிடைத்தாலே பெரிது. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. வலிப்பு வந்தபோது நடந்தது பெரும்பாலும் வந்தவனுக்கே தெரியாது. எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிஷம் நீடித்தது என்பதெல்லாம் பார்த்தவன் சொன்னால்தான் டாக்டருக்கு விளங்கும். இப்போது செல்போனில் படம் எடுத்துக்கூடக் காட்டலாம். ஆனால் உடன் தங்கியிருப்பவனிடம் மறைத்தவன் யாரைக் கூட்டிக்கொண்டு போவான்? போதாக்குறைக்கு நமக்கு இந்தி அரைகுறை, மராத்தி அதைவிட மோசம்.

அந்த வரிசையில்தான் ஒருநாள் எனக்குப் பின்னால் நின்ற இளைஞன் என் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, நீங்களும் இதுக்குத்தானா?' என்று மெல்லக் கேட்டான். தாராவியில் தோல் பை தைக்கிறவன். நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளை. வெளியே வந்து டீ குடித்தோம். இரண்டு மணி நேரம் பேசினோம். அத்தனை வருஷத்தில் யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை.

இன்று நாங்கள் ஏழு பேர். மாதம் ஒரு ஞாயிறு மாதுங்காவில் ஃபைவ் கார்டன்ஸில் உட்காருகிறோம். வைத்தியம் பேசுவதில்லை, அது டாக்டர் வேலை. லோக்கல் ரயிலில் வாசலோரம் நிற்காதே, குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடாதே, தூக்கம் கெட்டால் அடுத்த நாள் ஜாக்கிரதை, ஓராண்டு வலிப்பு வரவில்லை என்று நீயாக மருந்தை நிறுத்தாதே – இப்படித்தான் பேச்சு. அறையில் ஒருவனிடமாவது சொல்லி வை என்பது முதல் விதி. இட்லிக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். கொதிக்கும் அண்டாவுக்கு முன்னால் தனியாக நிற்பதை விட்டுவிட்டு, கல்லாவைத் தான் எடுத்துக்கொண்டு அடுப்பைத் தம்பியிடம் கொடுத்தார். அந்த யோசனையைச் சொன்னது எங்கள் தையல்காரப் பிள்ளைதான்.

கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் எல்லோரும் மௌனமாகிவிடுகிறோம். தீராத வலிப்பு உள்ளவர் இந்துத் திருமணச் சட்டப்படி மணம் செய்யலாகாது என்று 1976-ல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். 1999-ல் அதை நீக்கினார்கள். சட்டம் விட்டுவிட்டது, நம் ஊர்த் தரகர்கள் இன்னும் விடவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டுக் கட்டுவதே நல்லது என்பது என் கட்சி. நான் சொல்லித்தான் கட்டினேன். இரண்டு இடம் தட்டிப்போயிற்று. மூன்றாவது இடத்தில் மாமனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுவீங்களா, மாப்பிள்ளை?' மருந்தை முறையாக எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அவர் அதைப் படித்தவர் அல்லர்.

பெண்கள் பாடு இன்னும் கஷ்டம். சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடும். பிள்ளை பெற நினைக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பயந்து தாமாக நிறுத்துவதும் ஆபத்து. மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரை விழுங்குகிற பெண் இதை யாரிடம் போய்க் கேட்பாள்? இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் 1970-லேயே தோன்றிவிட்டது. நம் குடிசைப் பகுதிப் பெண்ணுக்கு அது எட்டாத தூரம்.

எங்களிடம் வர விரும்பும் ஒரு பெண்ணின் தாயார், 'பார்க்கில் உட்கார்ந்து இதைப் பேசவா?' என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டது நியாயம். மழைக்காலம் வந்தால் எங்களுக்கே அங்கே இடமில்லை. ஜூனில் கலைந்தால் அக்டோபரில்தான் மறுபடி சந்திப்பு. அந்த நான்கு மாதத்தில் சென்ற ஆண்டு ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரிந்தபோது அவர் தலையில் பதினோரு தையல்.

இந்த நகரத்தில் நமக்குத் தமிழ்ச் சங்கங்கள் உண்டு, மன்றங்கள் உண்டு. பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் திறக்கிற கதவுகள்தான் அவை. நிதி கேட்கவில்லை, பேனரும் வேண்டாம். ஏதாவது ஒரு சங்கம் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி நேரம் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். நாற்காலிகளை நாங்களே அடுக்கி வைத்துவிட்டுப் போகிறோம்.