கருணையாம், கருணை!

அரசுப் பணியாளன் பணிக்காலத்தில் மாண்டால், அவன் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. இதற்குப் பெயர் கருணை அடிப்படையிலான நியமனம். தமிழ்நாட்டில் 1972இல் இதற்கென அரசாணை பிறந்தது. துறைமுகம், இரயில்பாதை, அனல்மின் நிலையம் என்று இராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை நீளும் இக்கரையோரத்தில், இவ்வாணையை அறியாத தெரு இல்லை.

"தகப்பன் வேலை மகனுக்கா? பிறப்பால் தொழில் என்பதை எதிர்த்தவர்களே, இது மட்டும் இனிக்கிறதோ?" என்று கேட்கிறார் தகுதி பேசும் தருமவான். கேள்வி கூரியது, தட்டிக்கழிக்கலாகாது. இரயில்வேயில் 2004இல் ஒரு திட்டம் வந்தது. தகப்பன் முன்கூட்டியே ஓய்வு பெறுவான்; மகன் வேலையில் அமர்வான். பின்வாசல் நுழைவு என்று பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம் 2016இல் கண்டித்தது. 2018இல் திட்டத்தை மூடினர். நன்று! அது பரம்பரை, ஒழியட்டும். ஆனால் உழைத்தவன் மாண்ட வீட்டில் அணைந்து கிடக்கும் அடுப்பும் பரம்பரைச் சொத்தோ, தருமவானே?

உமேஷ்குமார் நாக்பால் வழக்கில், 1994இல், உச்சநீதிமன்றம் வரம்பு வகுத்தது: இது உரிமையன்று, திடீரென வந்த வறுமையைத் தாண்ட நீட்டும் கை, நெருக்கடி கடந்தபின் கேட்க இயலாது. சரி, அந்தக் கை என்றைக்கு நீள்கிறது? வாரிசுச் சான்று கொண்டுவா. வருமானச் சான்று கொண்டுவா. மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கொண்டுவா. கொண்டுவந்தபின், காலியிடம் இல்லை, காத்திரு! மத்திய அரசு அலுவலகங்களிலோ நேரடி நியமன இடங்களில் நூற்றுக்கு 5தான் இதற்கு. கோப்பு உறங்குகிறது. ஆண்டுகள் பல உருண்டபின் கண்விழித்து, "இத்தனை காலம் உயிர் பிழைத்தீர்களே, ஆகவே நெருக்கடி தீர்ந்தது" என்கிறது. உறங்கியவனே நீதிபதி, அவன் உறக்கமே சாட்சி!

தமிழ்நாட்டில் மரணம் நேர்ந்து மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி ஆசிரியன் நான். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்கு வயது பத்து. மூன்றாண்டில் பதின்மூன்று. வேலைக்கோ பதினெட்டு வேண்டும். தாய் கேட்கலாமே என்பீர்கள். கேட்கட்டும், அவளே முதலில் கேட்கட்டும்! ஆனால் கணவனை இழந்தவள் எதிரே வந்தால் சகுனம் பார்க்கும் உறவினர் கூட்டம், "உனக்கெதற்கு உத்தியோகம், மூத்தவனுக்கு எழுதிக்கொடு" என்று கையொப்பத்துக்கு மட்டும் அவளைத் தேடி வருகிறது. அந்த நாளில், தோழர்களே, அவள் பக்கம் நிற்க நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? மணமான மகளை விலக்கிவைத்த விதியைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2020இல் தள்ளிவிட்டது. வீடுகளில் அவ்விதி இன்னும் செல்லுபடியாகிறது.

விண்ணப்பம் வந்த ஆறு மாதத்துக்குள் ஆணை வேண்டும். தாமதம் அலுவலகத்துடையதாயின், அதைக் குடும்பத்தின் தலையில் ஏற்றலாகாது. சிறுவர் மட்டுமே எஞ்சிய வீட்டுக்கு, அவர்கள் வளரும்வரை இடம் காத்திருக்க வேண்டும். பிச்சையாகக் கேட்கவில்லை, உழைத்தவன் விட்டுச்சென்ற பாக்கியைக் கேட்கிறோம்.

இத்தனையும் பதிவேட்டில் பெயர் உள்ளவனுக்கு. 2025 செப்டம்பர் 30 அன்று, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புக் கட்டமைப்பு சரிந்து 9 தொழிலாளர் மாண்டனர். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நிதி அறிவித்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆயினும் அரசுக்கு மின்சாரம் தரப்போகும் நிலையத்தைக் கட்டியவன் அரசின் ஆள் அல்லன், ஒப்பந்தக்காரனின் ஆள். அவன் மனைவி எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தை நீட்டுவாள்?